டிக்ஸி டீனின் அறுபது கோல் மலிவானதா?

இங்கிலாந்தில் ஒரு ஃபார்வர்டு சீசனுக்கு முப்பது கோலைத் தாண்டினால் போதும், டிக்ஸி டீன் பெயர் பேச்சில் வந்துவிடும். எவர்டன் கிளப்புக்காக அந்த ஃபார்வர்டு 1927-28 சீசனில் 39 லீக் ஆட்டங்களில் அடித்தது 60 கோல். பெயர் வந்த கையோடு அதற்கான பதிலும் தயாராக இருக்கும்: அந்தக் காலத்தில் டிஃபென்ஸ் என்று ஒன்று இருந்ததா என்ன, கோல் மலிந்து கிடந்த காலம் அது, இன்றைக்கு அவர் ஆடியிருந்தால் இருபது தேறியிருந்தாலே பெரிய விஷயம். இதைச் சொல்பவர்கள் யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. மலிவு என்றால் எவ்வளவு மலிவு? எந்த வருஷம் தொடங்கி மலிவு? கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இருப்பதெல்லாம் ஒரே காலம் என்று நினைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது.

ஒரே ஒரு ஒப்பீடு போதும், அந்த வாதம் ஆட்டம் காணும். 1924-25ல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் 462 ஆட்டங்களில் விழுந்தவை 1,192 கோல்கள். ஆட்டத்துக்கு 2.58. மான்செஸ்டர் சிட்டி ஃபார்வர்டு எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்துப் பிரீமியர் லீக் (இன்றைய உச்ச லீக்) சாதனை படைத்த 2022-23ல் 380 ஆட்டங்களில் 1,084 கோல்கள். ஆட்டத்துக்கு 2.85. அதாவது டீன் சாதனைக்கு மூன்று சீசன் முன்பு வரை, நம் காலத்தைவிடக் கோல் அரிதாகத்தான் கிடைத்திருக்கிறது. தாத்தா காலத்துப் பவுன் விலையைக் கேட்டு வாய் பிளக்கிறோம், அவருடைய மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கோல் கணக்கிலும் அதே கதைதான். அறுபது என்ற எண்ணை அந்த வருஷத்து விலைவாசியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த விலைவாசி 1925 கோடையில், ஒரே ஒரு விதியால், தலைகீழாக மாறியது.

மூன்று பேர், இரண்டு பேர்

1925 வரை இருந்த ஆஃப்சைடு விதிப்படி, பந்து பாஸ் செய்யப்படும் கணத்தில் தாக்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் எப்படியும் பின்னால் நிற்பார். ஆகவே நடைமுறையில் இரண்டு ஃபுல்பேக்குகளும் (கடைசி வரிசைத் தடுப்பாளர்கள்) ஃபார்வர்டுக்கும் கோலுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். இதில் தடுப்பவர்களுக்குக் கிடைத்த சலுகையைக் கவனியுங்கள். ஒரு ஃபுல்பேக் மட்டும் நான்கு அடி முன்னேறினால் போதும், ஃபார்வர்டு ஆஃப்சைடு. இன்னொரு ஃபுல்பேக் பின்னாலேயே காவலுக்கு நிற்கலாம். இப்படி முன்னேறி ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறி தப்பினாலும் ஆபத்தில்லை, அவரும் கோல்கீப்பரும் மிச்சம் இருக்கிறார்கள். நியூகாஸிலின் பில் மெக்ராக்கன் இந்த வித்தையில் கரை கண்டவர். மற்ற அணிகளும் கற்றுக்கொண்டதும் ஆட்டம் மைதானத்தின் நடுவில் நெருங்கிப் போய், ஊதல் சத்தமும் ஃப்ரீகிக்கும்தான் மிஞ்சின. ஃபுட்பால் அசோசியேஷன் இரண்டு மாற்று வழிகளைச் சோதனை ஆட்டங்களில் ஆடிப் பார்த்தது. ஒன்று, கோலிலிருந்து 40 கஜத்தில் கோடு போட்டு அதற்கு உள்ளே மட்டும் ஆஃப்சைடு. இன்னொன்று, மூன்று பேரை இரண்டு பேராகக் குறைப்பது. ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 1925 ஜூனில் இரண்டாவதை ஏற்றுக்கொண்டது.

இப்போது ஃபுல்பேக் முன்னேறினால், பொறி தப்பியதும் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டே பொறி வைக்கும் வசதி போயிற்று. 1925 ஆகஸ்ட் 29, சீசனின் முதல் நாளே ஆஸ்டன் வில்லா பர்ன்லியை 10-0 என்று தோற்கடித்தது. சீசன் முடிவில் முதல் டிவிஷனின் கணக்கு 1,703 கோல்கள், ஆட்டத்துக்கு 3.69. முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் அதிகம்.

கால்பந்து வரலாற்றில் புள்ளியியல்காரருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. அணிகள் பெரும்பாலும் அதே அணிகள், ஆட்டக்காரர்களில் பெரும்பகுதி அதே ஆட்கள், மைதானம், பந்து, பயிற்சி எதுவும் ஒரு கோடையில் மாறிவிடவில்லை. மாறியது விதி ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்த சோதனை.

தற்செயலா, இல்லையா

43 சதவீதம் என்றதும் கேள்வி முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனாலும் ஒரு சோதனையைப் போட்டுப் பார்ப்பது பழக்கத்துக்கு நல்லது, ஏனென்றால் இதைவிடச் சின்ன மாற்றங்களைப் பார்க்கும்போது அதே சோதனைதான் நம்மைக் காப்பாற்றும். கோல்கள் ஏறத்தாழ பாய்சான் பரவலை (எப்போதாவது, தனித்தனியாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுக் கணக்கு) பின்பற்றுகின்றன. அப்படியானால் ஒரு சீசனின் மொத்தக் கோலில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம், அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவு இருக்கும். 1,192ன் வர்க்கமூலம் சுமார் 35. எதுவுமே மாறாவிட்டாலும் அடுத்த ஆண்டு ஐம்பது கோல் கூடலாம், குறையலாம், அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு சீசன்களின் வித்தியாசத்தைச் சோதிக்க இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 1,192ம் 1,703ம் சேர்ந்தால் 2,895, வர்க்கமூலம் சுமார் 54. நாம் கண்ட வித்தியாசம் 511. ஒன்பது மடங்குக்கு மேல். இரண்டு மடங்கு தாண்டினாலே யோசிக்கலாம் என்பது வழக்கம், ஒன்பது என்றால் பேச்சே இல்லை.

தனி ஆட்டங்களை வைத்து வாதாடுபவர்களுக்கும் இந்தக் கணக்கில் பாடம் உண்டு. வில்லாவின் 10-0 கட்டுரைக்கு அழகு சேர்க்கும், ஆதாரமாக அதற்கு மதிப்பு குறைவு. 1963 டிசம்பர் 26 அன்று முதல் டிவிஷனில் பத்து ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன. ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சை 10-1 என்று நொறுக்கியது. பிளாக்பர்ன் வெஸ்ட்ஹாம் மைதானத்துக்கே போய் 8-2. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, இப்ஸ்விச் ஃபுல்ஹாமை 4-2 என்று வென்றது, வெஸ்ட்ஹாம் பிளாக்பர்னில் 3-1 என்று வென்றது. எந்த விதியும் இடையில் மாறவில்லை.

1925க்குத் திரும்புவோம். மொத்த லீக்கையும் எடுத்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. நான்கு டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 22 அணிகள், மொத்தம் 1,848 ஆட்டங்கள். கோல்கள் 4,700லிருந்து 6,373க்கு ஏறின, 36 சதவீதம். இதிலிருந்து முதல் டிவிஷனைக் கழித்துவிட்டு மற்ற மூன்றையும் மட்டும் பாருங்கள்: 1,386 ஆட்டங்கள், 3,508லிருந்து 4,670. ஆட்டத்துக்கு 2.53லிருந்து 3.37, அதாவது 33 சதவீதம். விதி மாறும் முன் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷன்களுக்கும் கோல் சராசரியில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. மாறிய பின் மேலே 43, கீழே 33. பொறி வைப்பதில் தேர்ந்த தடுப்பாளர்கள் மேல் டிவிஷனில்தான் அதிகம் இருந்திருப்பார்கள், ஆகவே விதி மாறியபோது இழப்பும் அவர்களுக்கே அதிகம் என்பது என் ஊகம். புதிய இடைவெளியைப் பயன்படுத்தத் தெரிந்த ஃபார்வர்டுகளும் அங்கேதான் அதிகம் என்றும் வாதிடலாம். எண் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் மரியாதை.

பாய்சான் வேறு ஒன்றையும் சொல்லும். ஆட்டத்துக்கு 2.58 கோல் என்றால் கோலே இல்லாத ஆட்டத்தின் நிகழ்தகவு சுமார் 7.6 சதவீதம், 462 ஆட்டங்களில் 35. 3.69 என்றால் 2.5 சதவீதம், பன்னிரண்டுக்கும் குறைவு. இது கணக்கு எதிர்பார்க்கும் எண். இதை எடுத்துக்கொண்டு உண்மையான 0-0க்களை எண்ணி ஒப்பிட வேண்டும். குறைந்த கோல் ஆட்டங்களில் பாய்சான் கொஞ்சம் பிசகும் என்பது தெரிந்த விஷயம். புள்ளியியலாளர்கள் டிக்சனும் கோல்ஸும் 1997ல் வெளியிட்ட கணித மாதிரியில் 0-0, 1-0, 0-1, 1-1 ஆகிய நான்கு முடிவுகளுக்கு மட்டும் தனித் திருத்தம் வைத்ததன் காரணம் அதுதான். இரு அணிகளும் ஒன்றையொன்று பார்த்து ஆடுகின்றன. பாய்சானோ இரண்டும் தனித்தனியாக ஆடுவதாக நினைத்துக்கொள்கிறது.

புதிய விதிக்கு விடையாக நடு ஹாஃபை (நடு வரிசையின் மைய ஆட்டக்காரர்) பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாளராக நிறுத்தும் முறை வந்த கதை தெரிந்ததே. 1925 அக்டோபர் 3 அன்று நியூகாஸிலிடம் 7-0 என்று உதை வாங்கிய பிறகு ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி புக்கன் சொன்ன யோசனையை அந்த அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் எடுத்துக்கொண்டார். அதோடு கோல் வெள்ளம் வடிந்தது என்று முடித்துவிடுவார்கள். எண்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1930-31ல், ஆஸ்டன் வில்லா 128 கோல் அடித்து முதல் டிவிஷன் சாதனை வைத்தது. அந்த சீசனில் சாம்பியனான ஆர்சனல் அடித்தது 127. மூன்றாவது தடுப்பாளரைப் புகழ் பெறச் செய்த அணியே 127! தடுக்கக் கற்றவர்கள் எதிர்த்தாக்குதலையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள் போல.

பட்டியலைக் கையில் எடுக்கும் முன்

இந்தக் கணக்குகளை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1888 முதலான ஃபுட்பால் லீக் முடிவுகள் எல்லாம் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழி தெரிந்தவர்களுக்கு ஜேம்ஸ் கர்லி உருவாக்கிய எங்சாக்கர்டேட்டா தொகுப்பு வசதியானது. இல்லாவிட்டால் எக்செல் போதும், ஆனால் எக்செலோடு சண்டை போடத் தயாராக இருங்கள். 3-1 என்று ஒரு கட்டத்தில் அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும். ஆகவே ஸ்கோரை ஒரே பத்தியில் வைக்காதீர்கள், சொந்த மைதான அணியின் கோல் ஒரு பத்தி, வந்த அணியின் கோல் இன்னொரு பத்தி. எக்செலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1ல் தொடங்குகிறது, அதற்கு முந்தைய தேதி எதுவும் அதற்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்து. லீக்கின் முதல் பதினொரு சீசன்களும் இதில் அடிபடும். வரிசைப்படுத்தும்போது அந்த ஆட்டங்கள் எங்கோ கடைசியில் போய் உட்காரும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்தால் 1925 என்பது 2025 ஆகிவிடும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக வைத்து, சீசனுக்கு அது தொடங்கும் ஆண்டை மட்டும் போட்டுக்கொண்டால் தொல்லை விட்டது.

ஒரு வரிக்கு ஓர் ஆட்டம். புள்ளிகளைப் பட்டியலில் வைக்காதீர்கள், அது எப்போதும் கணக்கிட்டு வர வேண்டிய எண். ஏற்றி முடித்ததும் மூன்று சரிபார்ப்புகள் கட்டாயம். அணிகளின் எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கினால் ஆட்டங்களின் எண்ணிக்கை வர வேண்டும்: முதல் சீசனின் 12 அணிகளுக்கு 132, 22 அணிகளுக்கு 462, 20 அணிகளுக்கு 380. எல்லா அணிகளும் அடித்த கோலின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி இருந்த காலத்தில் மொத்தப் புள்ளி ஆட்டங்களின் இரு மடங்கு, 462க்கு 924. 1981க்குப் பிறகு வெற்றிக்கு மூன்று என்பதால், ஆட்டங்களின் மும்மடங்கிலிருந்து டிராக்களின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக வந்தும் அச்சான பட்டியலோடு உதைத்தால், தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். 1890-91ல் தகுதியில்லாத கோல்கீப்பரை ஆட வைத்ததற்காக சண்டர்லாந்துக்கு இரண்டு புள்ளி குறைக்கப்பட்டது. 1996-97ல் பிளாக்பர்னுடனான ஆட்டத்துக்குப் போகாததால் மிடில்ஸ்பரோவுக்கு மூன்று புள்ளி போயிற்று, அதனாலேயே டிவிஷனும் இறங்கியது. இந்தக் கழிவுகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். பெயர்களுக்கும் தனிப் பட்டியல் வேண்டும்: நியூட்டன் ஹீத் 1902ல் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது, ஆர்ட்விக் 1894ல் மான்செஸ்டர் சிட்டி ஆனது, ஸ்மால் ஹீத் 1905ல் பர்மிங்ஹாம் ஆனது. ஆனால் அக்ரிங்டனும் அக்ரிங்டன் ஸ்டான்லியும் வேறு வேறு கிளப்புகள், அவற்றை ஒன்றாக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும்விடத் தலைவலி 1919-20. லீட்ஸ் சிட்டி எட்டு ஆட்டங்கள் ஆடிய நிலையில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. போர்ட்வேல் அதன் இடத்தில் நுழைந்து, அந்த எட்டு ஆட்டங்களின் முடிவுகளையும் சேர்த்தே சுமந்தது. ஆடாத ஆட்டத்தில் கிடைத்த புள்ளி. கோல் சராசரி பார்க்க அந்த ஆட்டங்களை ஆடியவர் பெயரிலேயே வையுங்கள், புள்ளிப் பட்டியல் போட மட்டும் போர்ட்வேலுக்கு மாற்றுங்கள். இரண்டு பெயரிலும் இருந்தால் கோல்கள் இரட்டிப்பாகும்.

ஒரு விதியை மட்டும் மாற்றிப் போடுவது

பழைய பட்டியலை இன்றைய விதியில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. 1923-24ஐ எடுத்துக்கொள்வோம். ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃபும் 57 புள்ளிகளில் சமம். அப்போது கோல் சராசரி விதி: அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டு 60க்கு 33, அதாவது 1.818. கார்டிஃப் 61க்கு 34, அதாவது 1.794. 0.024 வித்தியாசத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு சாம்பியன். கார்டிஃப் கடைசி ஆட்டத்தில் பர்மிங்ஹாமில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு 0-0 என்று முடித்திருந்தது. இன்றைய கோல் வித்தியாச விதியில் இருவருக்கும் 27, சமம். அடுத்து அதிகம் அடித்தவர் யார் என்று பார்த்தால் கார்டிஃப், 61. ஆகவே கார்டிஃபுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அடிக்கடி எழுதுகிறார்கள்.

ஆனால் இன்றைய விதி என்றால் முழுதாக இன்றைய விதி. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 23 வெற்றி, 11 டிரா. கார்டிஃபுக்கு 22 வெற்றி, 13 டிரா. வெற்றிக்கு மூன்று புள்ளி போட்டால் 80ம் 79ம். கோலைப் பார்க்கவே வேண்டாம், ஹடர்ஸ்ஃபீல்டே சாம்பியன். பாதி விதியை மாற்றினால் ஒரு சாம்பியன், முழு விதியை மாற்றினால் இன்னொரு சாம்பியன்.

முழு விதியை மாற்றினாலும் ஒரு சிக்கல் தீராது: ஆடியவர்கள் தங்கள் காலத்து விதிக்கு ஏற்பத்தான் ஆடினார்கள். 1989 மே 26, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு, சீசனின் கடைசி ஆட்டம். ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் பட்டம், கடைசி நிமிடங்களில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலில் 2-0. இருவரும் 76 புள்ளி, கோல் வித்தியாசம் இருவருக்கும் 37. ஆர்சனல் 73 அடித்து 36 வாங்கியது, லிவர்பூல் 65 அடித்து 28 வாங்கியது. அதிகம் அடித்த ஆர்சனல் சாம்பியன். 1976 வரை இருந்த கோல் சராசரி விதியில் ஆர்சனல் 2.03, லிவர்பூல் 2.32, பட்டம் லிவர்பூலுக்கு. ஆட்டத்துக்கு முன்பிருந்த எண்களை (ஆர்சனல் 71-36, லிவர்பூல் 65-26) எடுத்துப் போட்டுப் பாருங்கள்: பழைய விதியில் ஆர்சனலுக்கு 4-0 கூடப் போதாது, 5-0 வேண்டியிருக்கும். ஆன்ஃபீல்டில் ஐந்து கோல் தேவை என்றால் அன்று ஐந்து டிஃபெண்டர்களோடு பொறுமையாக ஆடிய அந்த ஆர்சனலை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். ஸ்கோரை அப்படியே வைத்துக்கொண்டு விதியை மட்டும் மாற்றும் கணக்கு பொழுதுபோக்குக்குச் சரி, வரலாறாகாது.

உலகக் கோப்பையை நம்பாதீர்கள்

கோல்களின் வரலாறு என்றதும் பலரும் உலகக் கோப்பை வரைபடத்தைத்தான் காட்டுவார்கள். 1954ல் 26 ஆட்டங்களில் 140 கோல், சராசரி 5.38. 1990ல் 52 ஆட்டங்களில் 115, சராசரி 2.21. அழகான சரிவு. ஆனால் 26 ஆட்டம் என்பது இங்கிலாந்து முதல் டிவிஷனில் இரண்டரை வாரத்துக் கணக்கு. அதிலும் ஹங்கேரி கொரியாவை 9-0, துருக்கி கொரியாவை 7-0, ஆஸ்திரியா ஸ்விட்சர்லாந்தை 7-5. ஒவ்வொரு முறையும் அணிகள் வேறு, அவற்றின் பலத்தில் உள்ள இடைவெளி வேறு. 1990க்கும் 1994க்கும் (141 கோல், 2.71) இடையில் சராசரி ஏறியதை 1992ன் பின்பாஸ் விதிக்கு (சகா காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது) கணக்கு எழுதுவார்கள். அதே நான்கு ஆண்டுகளில் தடுப்பாளருக்கு நேர்கோட்டில் நின்றாலும் ஆஃப்சைடு இல்லை என்ற மாற்றமும், வெற்றிக்கு மூன்று புள்ளியும், பின்னாலிருந்து இடிப்பவர்கள் மீதான கெடுபிடியும் சேர்ந்து வந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க அந்த 52 ஆட்டங்களில் வழியில்லை. ஒன்று மட்டும் மாறிய 1925 அதனால்தான் அருமையானது. கொரோனா காலத்தில், 2020-21ன் காலி மைதானங்களும் அந்த வகை. பிரீமியர் லீக்கில் முதல் முறையாகச் சொந்த மைதான வெற்றிகளைவிட (144) வெளி மைதான வெற்றிகள் (153) அதிகமாயின.

டீனுக்கு விலை போடுவது

இனி அறுபதுக்கு வருவோம். டீன் ஆடியது 39 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 1.54. மாற்று ஆட்டக்காரர் முறை இங்கிலாந்து லீக்கில் 1965ல்தான் வந்தது, அதுவும் முதலில் காயத்துக்கு மட்டும். ஆகவே 39 என்றால் ஏறக்குறைய 39 முழு ஆட்டங்கள். இன்றைய ஃபார்வர்டு எழுபதாவது நிமிடத்தில் வெளியேறுவார், அவருக்கு ஆட்டக் கணக்கைவிட நிமிடக் கணக்கே நியாயம். விலைவாசிக்கு விதி மாறிய முதல் சீசனின் 3.69ஐயே வைத்துக்கொள்வோம். 2022-23ன் 2.85ஐ அதால் வகுத்தால் 0.774. 1.54ஐ அதால் பெருக்கினால் ஆட்டத்துக்கு 1.19. ஹாலண்ட் ஆடிய 35 ஆட்டங்களுக்கு 42 கோல், முழு 38க்கு 45. மலிவைக் கழித்த பிறகும் ஹாலண்டின் 36 அதை எட்டவில்லை. டீன் கோலைச் சும்மா வாங்கிப் போட்டுக்கொண்டவரில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: விதி எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே அளவில் உதவியது என்று. புதிய ஆஃப்சைடின் லாபம் நடு ஃபார்வர்டுகளின் மடியில்தான் அதிகம் விழுந்திருந்தால் 45 என்பது டீனுக்கு நாம் கொடுக்கும் அதிகச் சலுகை. டீன் சாதனைக்கு முந்தைய சீசனில் இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் காம்செல் 59 கோல் அடித்ததும், அடுத்த ஆண்டே டீன் அதை ஒன்றால் தாண்டியதும் அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. டீனுக்குக் கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்பது தேவைப்பட்டது: வில்லாவுக்கு எதிராக இரண்டு, பர்ன்லிக்கு எதிராக நான்கு, 1928 மே 5 அன்று ஆர்சனலுக்கு எதிராக மூன்று. மூன்றாவது தடுப்பாளர் யோசனையைச் சொன்ன சார்லி புக்கனுக்கு ஆர்சனல் சட்டையில் அதுதான் கடைசி ஆட்டம்.

விலைவாசியைத் தொடாமல் அளக்க இன்னொரு வழி, அணியின் கோலில் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. எவர்டன் அந்த சீசனில் அடித்தது 102. டீனின் பங்கு 58.8 சதவீதம். காம்செல் மிடில்ஸ்பரோவின் 122ல் 59, 48.4 சதவீதம். ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டியின் 94ல் 36, 38.3 சதவீதம். 128 கோல் வில்லாவில் பாங்கோ வேரிங் அடித்தது 49. அதுவும் 38.3 சதவீதம். 92 ஆண்டு இடைவெளியில் இரண்டு ஃபார்வர்டுகள், ஒருவருக்கு 49, ஒருவருக்கு 36, பங்கு என்று பார்த்தால் தசமம் வரை ஒன்று. இதைத் தற்செயல் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் 49ஐயும் 36ஐயும் பக்கத்தில் வைத்து ஒருவரைக் குறைத்துப் பேச இனிக் கொஞ்சம் தயக்கம் வரும்.

பங்குக் கணக்கிலும் ஓட்டை உண்டு. நல்ல சகாக்களோடு ஆடுபவரை அது தண்டிக்கும், மற்றவர்கள் யாரும் கோல் அடிக்காத அணியில் இருப்பவரை உயர்த்தும். எதிரணி தன் வலையிலேயே போட்டுக்கொண்ட கோல்களும் அணியின் மொத்தத்தில் இருக்கும், அவற்றைக் கழித்துவிட்டு வகுப்பதே முறை. அங்கேதான் சிக்கல். ஆட்டத்தின் ஸ்கோர் உறுதியான எண், அடித்தவர் பெயர் அப்படியில்லை. அந்தக் காலத்துச் செய்தித்தாள் நிருபர் ஒருவர் டிஃபெண்டர் காலில் பட்டுத் திரும்பியதை ஃபார்வர்டு பேரில் எழுதுவார், பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் தன்கோல் என்று எழுதுவார். 1930 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் பெர்ட் பட்டனாட் அடித்த ஹாட்ரிக்கை ஃபிஃபா ஒப்புக்கொண்டது 2006ல், 76 ஆண்டு கழித்து. உலகக் கோப்பைக்கே அந்தக் கதி என்றால் இரண்டாம் டிவிஷன் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கேட்க வேண்டாம். ஆகவே பங்கை ஒரு சதவீதம் கூட்டியோ குறைத்தோ படிப்பது பத்திரம், டீனின் 58.8க்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது.